ஊவா மலைநிலமும் மாணவர் கற்கவேண்டிய பாடமும்

இயற்கை வளங்களைப் பேணுதல் பற்றிய பேச்சு இன்று கல்விக்கூடங்களிற் பெருகியிருக்கின்றது. மரநடுகை, கண்காட்சி, பேச்சுப்போட்டி, கருத்தரங்கு என மாணவர் மன்றங்கள் பல நிகழ்ச்சிகளை நடத்தி வருகின்றன. இவை வேண்டற்பாலனவே. ஆயினும் பதுளையைச் சூழ்ந்த மலைகளிடையே கற்கும் மாணவனுக்கு இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பாடம் ஒன்று உண்டு. தன் காலின்கீழ்க் கிடக்கும் நிலத்தின் வரலாறே அப்பாடம். அதனை ஆராயப் புகுவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இம்மலைநிலத்தைப் பற்றிய அறிவு பலமுறை பிறந்திருக்கின்றது. ஆனால் அம்மலையிலே உழைத்து வாழ்வோருக்குப் பயன்படும் வகையில் அது சென்று சேர்ந்தது அரிது. இதனை இலை, மண், சரிவு என்னும் மூன்றின் வாயிலாக ஈண்டு நோக்குவோம்.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் தகும். நடுமலைத் தொகுதியின் கிழக்குப் புறத்தே அமைந்தது ஊவா. வடகீழ்ப் பருவக்காற்றே இதற்குப் பெருமழை தருவது. யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றினாலேயே ஊவாத் தேயிலைக்கு அதன் தனிச்சுவை வாய்க்கின்றது. பதுளை ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியிற் கலக்கின்றன. கிரிந்தி ஓயா தெற்கு நோக்கிப் பாய்கின்றது. கதிர்காமத்து அடியார் நீராடும் மாணிக்க கங்கையும் இவ்வூவா மலைகளிலேயே பிறப்பதாகும். ஆகவே இங்கே ஒரு மலைச்சரிவுக்கு நேரும் கேடு அச்சரிவோடு நின்றுவிடுவதன்று. அது கீழ்நாட்டு வயலையும் குளத்தையும் சென்று தாக்கும்.

இனி இலையின் கதையைக் காண்போம். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர் மலைநாட்டுக் காடுகள் பெருந்தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் காட்டை வெட்டினர், எரித்தனர், கோப்பிக் கன்றுகளை நாட்டினர். 1869 ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடிபோன்ற புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவைற்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். காளான் இனங்களை ஆராய்வதிற் பெயர்பெற்ற பேர்க்லி என்பார் அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வஸ்ராட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். நோய் தோன்றிய ஆண்டிலேயே அறிவும் தோன்றிற்று. ஆயினும் கோப்பியின் விலை உயர்ந்திருந்த அக்காலத்தில் தோட்டத்துரைமார் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். 1878 அளவில் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராகப் பரந்தது. 1880 இல் இங்கு வந்த மார்சல் வாட் என்னும் ஆராய்ச்சியாளர் நோயின் நுண்வித்துக்கள் காற்றினாற் பரவுவதை நிறுவினார். மலை மலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நிரப்புதல் நோய்க்குப் பாய்விரித்துக் கொடுத்தலை ஒக்கும் என்பது அவ்வாராய்ச்சியினால் விளங்கிற்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884 இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. கோப்பி அழிந்த இடத்தைச் சிறிது காலம் சிங்கோனாவும் பின்னர் தேயிலையும் பிடித்தன. துரைமார் பயிரை மாற்றிக்கொண்டனர். தொழிலாளரோ வேலையும் கூலியும் இழந்து அலைந்தனர். அவ்விலைகளை நாள்தோறும் கையாலே தொட்டவர்கள் அவர்களே. எனினும் அவர்தம் குரலை அக்கால ஏடுகளிற் காண்பது அரிது.

அடுத்தது மண். காடு அழிந்தால் நீர் குன்றும் என்பதை அக்காலத்தார் அறியாரல்லர். 1873 இல் கியூ பூங்காவின் தலைவர் யோசேப்பு ஹூக்கர் கூறிய ஆலோசனையை ஒட்டி, 5,000 அடிக்கு மேற்பட்ட அரச காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. இன்று மலைமுடிகளில் எஞ்சியுள்ள காட்டுக்கு நாம் அம்முடிவுக்குக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் ஊவாத் தோட்டங்களிற் பெரும்பாலான அவ்வெல்லைக்குக் கீழ்ப்பட்டவை. அங்கே புல் பூண்டின்றி நிலத்தை வெறுமையாக வைத்தலே நல்ல பராமரிப்பெனக் கருதப்பட்டது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடைக்கு இறங்கிற்று. மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931 இல் வெளிவந்தது. மண் பேணற் சட்டம் 1951 இலேயே நிறைவேறிற்று. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே இருபது மழைக்காலங்கள் கழிந்தன. இக்காலமெல்லாம் கான் வெட்டியவனும் கல்லணை கட்டியவனும் தொழிலாளியே. எந்தச் சரிவில் நீர் எப்படி ஓடும் என்பதை மண்வெட்டி பிடித்த கை அறிந்திருந்தது. அவ்வறிவைக் கேட்டு எழுதிவைப்பார் இலராயினர்.

மூன்றாவது சரிவு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இடிந்து லயங்களை மூடிற்று. கோவிலும் வீடுகளும் மண்ணுட் புதைந்தன. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவர்களுட் பலருக்குப் பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. அவ்விடம் அபாயமானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. இம்முறையும் அறிவு முன்னே வந்தது. ஆனால் தொழிலாளிக்கு லயம் சொந்தமன்று; வேறோரிடத்தில் வீடு கட்டக் காணியும் இல்லை. போகுமிடம் இல்லாதவனுக்கு எச்சரிக்கை மட்டும் என்ன பயன் தரும்? அதே ஆண்டின் இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அத்திட்டம் 2024 இல் நிறைவேறி மின்னும் நீரும் வழங்குகின்றது. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின் பெருமழை பதுளை மாவட்டத்தின் சரிவுகளை மீண்டும் குலைத்து உயிர்களைக் கொண்டது. மீரியபெத்தை ஒரு முறை நிகழ்ந்து முடிந்த கதையன்று என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

இவற்றால் மாணவர் மன்றங்கள் கொள்ளவேண்டியது யாது? பதுளையில் 2005 இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பெற்று, தேயிலைத் தொழினுட்பம், கனிய வளம், நீர்வாழ் வளம் முதலிய துறைகள் கற்பிக்கப்படுகின்றன. ஆகவே அறிவு பெறுவதற்குப் பேராதனைக்கும் இங்கிலாந்துக்கும் இலைகளை அனுப்பிய காலம் போயிற்று. 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தோன்றிய களப் பறவையியற் குழு, குறிப்பேட்டுடன் வெளிக்களம் செல்லும் மாணவரும் தன்னார்வலரும் அறிவியலுக்குத் துணைபுரியலாம் என்பதைக் காட்டியுள்ளது. பறவைக்குச் செய்ததை மலைக்கும் செய்யலாம்.

மன்றத்தின் அடுத்த கூட்டத்தை மண்டபத்தில் நடத்தாது மடுல்சீமையில் நடத்துக. கவ்வாத்து வெட்டியும் கான் வெட்டியும் முதிர்ந்த ஒரு பெரியவரைப் பேச்சாளராக அழைத்து, அவர் சொல்வதைத் தேதியிட்டு எழுதுக. பள்ளி முற்றத்தில் மழைமானி ஒன்றை நிறுத்தி நாள்தோறும் குறித்து வருக. நிலத்திற் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கி ஊறும் நீர், மூடமுடியாது இறுகும் கதவு ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி லயங்கள்தோறும் எடுத்துச் சொல்லுக. காணும் அறிகுறியை உரிய அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவித்து, விடை வரும்வரை விடாது தொடர்க. பாதுகாப்பான காணியில் வீடு வேண்டும் என்னும் கோரிக்கையும் இயற்கைப் பாதுகாப்பின் ஒரு பகுதியே என உணர்க.

நம் மாணவருட் பலர் அத்தோட்டங்களிலிருந்தே வருகின்றனர். அவர்தம் பாட்டனார் காட்டை வெட்டியது பிறர் ஏவலால். அம்மலை சரியும்போது முதலில் மூடப்படுவது அவர்தம் வீடே. நூலறிவும் கையறிவும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் அம்மாணவர். 1869 இல் ஓர் இலையிலே தோன்றிய புள்ளியைப் புறக்கணித்த பிழையை மீண்டும் செய்யாதிருத்தல் நம் கடமை. இன்று மாலை வீடு திரும்பும் மாணவன், தன் லயத்தின் பின்னேயுள்ள மலையை ஒருமுறை உற்றுநோக்குவானாயின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.