கடல்வழிச் சொல்லும் நிலவழிச் சொல்லும்

பிலிப்பினோவும் மங்கோலியமும் ஒரு குடும்பத்து மொழிகள் அல்ல. 1937இல் பிலிப்பைன்சு தேசிய மொழிக்கு அடிப்படையென அறிவிக்கப்பெற்ற தகாலோகு, மலாய்க்கு உறவுமொழி. ஐந்தை 'லிமா' என்பதும் கண்ணை 'மாத்தா' என்பதும் இரண்டிற்கும் பொது. மங்கோலியத்திலோ அவை 'தாவ்', 'நுத்'.

சொல்லாக்கமும் வேறு. தகாலோகு 'சூலாத்' (எழுத்து) என்பதன் நடுவே 'உம்' நுழைத்துச் 'சுமூலாத்' (எழுதினார்) ஆக்கும். வினை வாக்கியத்தின் முன் நிற்கும். மங்கோலியம் நம் மொழிபோல் விகுதிகளைப் பின்னே அடுக்கி, வினையை இறுதியில் வைக்கும். இதுகொண்டு அதனைத் தமிழுக்கு உறவாக்கத் துணிவோர் உளர். அமைப்பொற்றுமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. அடிப்படைச் சொற்களும் ஒலித்திரிபுகளும் முறையாகப் பொருந்துதல் வேண்டும்.

ஆயினும் இரண்டும் வடசொல்லைக் கடன் பெற்றன. 1989இல் லகூனா மாநிலத்தில் கிடைத்த கி.பி. 900ஆம் ஆண்டுச் செப்பேடு வடசொல் விரவிய பழைய மலாயில் உள்ளது. அக்கடல்வழித் தொடர்பின் எச்சங்களே தகாலோகின் 'குரோ' (ஆசிரியர்), 'முகா' (முகம்) என்பன. மங்கோலியர்க்கோ பௌத்தச் சொற்கள் பல, எழுத்தைப் போலவே, நிலவழியில் உய்கூர் மக்களிடமிருந்து வந்தன.

அவற்றுள் ஒன்று தமிழாசிரியர்க்குச் சுவை தரும். 'ரத்னம்' அங்கே 'எர்தெனி' ஆயிற்று. பழைய மங்கோலியத்தில் ரகரம் மொழிமுதல் வாராது. ஆதலின் உயிரொன்று முன்னே வந்தது. நாம் 'இரத்தினம்' என்பதற்கும் காரணம் அதுவே. நாம் 'உருசியர்' என்போரை அவர்கள் 'ஓரோஸ்' என்பர்.