வில்வண்டியின் வில்

புதுச்சேரியின் வில்லியனூர் என்றதும் பெயருக்குள் வில்லைத் தேடுகிறவர்கள் உண்டு. திருக்காமீசுவரர் கோயில் தலவரலாறு காட்டுவதோ வில்வ மரத்தை. வில் வேண்டுமென்றால் பாகூர்ப் பக்கம் நெல் ஏற்றிப் போகும் லாரிக்கு அடியில் குனிந்து பார்க்கலாம். பட்டறையில் அதற்குப் பெயர் கமான் பட்டை. கமான் பாரசீகச் சொல், பொருள் வில்தான்.

தமிழ்ப்பெயர் வில்வண்டியில் இருக்கிறது. கட்டை வண்டியில் பாரம் நேரே அச்சின்மேல் உட்காரும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள். இத்தகைய நீள்வட்ட வில்லுக்கு 1804இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஒபதையா எலியட். மலையாளத்திலும் இந்த வண்டி வில்லுவண்டியே. கேரளத்தின் வெங்ஙானூரில், ஒடுக்கப்பட்டோரின் தலைவர் ஐயன்காளி 1893இல், தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் துணிந்து ஓட்டிச் சென்றது அதைத்தான். சொகுசு மட்டுமா, அந்தஸ்தும் அந்தப் பட்டைகள்மேல் ஏறியிருந்தது.

வடிவம் பார்த்து வைத்த பெயராகவே இருக்கட்டும், வேலைக்கும் பொருந்துகிறது. நாணை இழுக்கக் கை செலவிட்ட உழைப்பு வளைந்த தண்டில் நிலையாற்றலாகத் தங்கி, விட்டதும் அம்புக்குப் போகிறது. சக்கரம் மேட்டில் ஏறினால் பட்டை வளைந்து அந்த அடியை வாங்கிக்கொண்டு, நிமிரும்போது திருப்பித் தருகிறது. முழுவதையும் தருவதில்லை. லாரியின் பட்டைக்கட்டில் மேல்பட்டை நீளம், கீழே போகப்போகக் குட்டை. ஒன்றோடொன்று உரசுவதில் ஒரு பங்கு சூடாகக் கழிகிறது. குலுக்கல் சீக்கிரம் அடங்குவதற்கு அந்த உரசலும் ஒரு காரணம்.

ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதிப்படி, விசை இரட்டித்தால் வளைவும் இரட்டிக்கும். சேரும் ஆற்றலோ நான்கு மடங்கு. பட்டைக்கட்டைப் பிரிக்குமுன் மெக்கானிக் ஜாக்கி வைத்துப் பாரத்தை இறக்குவது இப்படிச் சேர்ந்த ஆற்றலுக்கு அஞ்சித்தான்.

இலங்கைப் பாடநூல்களில் ஸ்பிரிங் என்றால் வில். அதைக் கொண்ட தராசு விற்றராசு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சுருள்வில், சுருள்வில் தராசு. பேனாவுக்குள் இருப்பது சுருள்வில், சரி. லாரிக்கு அடியில் இருப்பது சுருளவே இல்லையே! தவிர, சுருள்வில்லை அமுக்கினால் அதன் கம்பி முறுக்கப்படுகிறது, பட்டை வளைக்கப்படுகிறது. ஆற்றல் தங்கும் விதமே வேறு. எனவே வில் பொதுப்பெயர். சுருள்வில், பட்டைவில் அதன் வகைகள். பாடநூல் எழுதுகிறவர்கள் அடுத்த பதிப்பிலாவது இப்படிப் பிரித்து எழுத வேண்டும்.