தற்கொலையும் திருச்சபையின் தீர்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

தன்னுயிரை மாய்த்துக்கொண்டவரின் அடக்க ஆராதனைக்குச் செல்லும் ஆயரை எதிர்கொள்ளும் முதல் வினா, "காரணம் யாது?" என்பதே. அவ்வினா ஒற்றைக் காரணத்தை நாடுகிறது. பெரும்பாலும் யாரோ ஒருவர்மீது பழியாய் முடிகிறது. திருச்சபையும் நெடுங்காலம் இவ்வழியே சென்றதை வரலாற்றில் காண்கிறோம்.

ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், ஆறாம் கட்டளை தன்னுயிருக்கும் பொருந்தும் என 'கடவுளின் நகரம்' என்னும் நூலில் வாதிட்டார். உயிரைக் காக்க எழுந்த வாதம் காலப்போக்கில் இறந்தோரைத் தண்டிக்கும் விதியாயிற்று. ஆறாம் நூற்றாண்டில் பிராகாவில் கூடிய சங்கம் அத்தகையோருக்கு அடக்கச் சடங்குகளை மறுத்தது. இங்கிலாந்தில் தற்கொலை 1961 வரை சட்டப்படி குற்றமாகவே இருந்தது.

1897இல் எமில் துர்க்கைம், தற்கொலை தனிமனிதரின் மனநிலையை மட்டுமன்றிச் சமுதாயப் பிணைப்பையும் பொறுத்தது என எடுத்துரைத்தார். சீர்திருத்தச் சபையாரிடையே அது மிகுதி என்ற அவரது முடிவைப் பின்வந்தோர் சிலர் ஐயுற்றனர். ஆயினும் அவருக்குப்பின் வினாவே மாறிவிட்டது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1963இல் 5,714 ஆக இருந்த தற்கொலைகள் 1975இல் 3,693 ஆகக் குறைந்தன. அவ்வாண்டுகளில் வேலையின்மையோ பெருகியது. இல்லங்களில் நச்சு வாயு நீங்கி இயற்கை வாயு வந்ததே முதன்மைக் காரணம் என ஆய்வாளர் கண்டனர். இலங்கையில் 1995ஐ ஒட்டி இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த விகிதம், கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டபின் 2005க்குள் ஏறக்குறையப் பாதியாயிற்று. போரும் வறுமையும் அதற்குள் தீர்ந்துவிடவில்லை.

ஒற்றைக் காரணத்தால் இவற்றை விளக்க இயலாது. நோய், கடன், குடி, அவமானம், தனிமை, கைக்கெட்டும் நஞ்சு ஆகியவை ஒன்றையொன்று இறுக்கும் இழைகள். இதனையே இன்றைய ஆய்வாளர் சிக்கலான அமைவு என்பர். அதில் ஓரிழை தளரினும் முழுவதும் மாறக்கூடும். சாகும் எண்ணமும் ஏறி இறங்குவதே. முயன்று பிழைத்தோரில் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் மடிவதில்லை.

1953இல் இலண்டனில் ஆங்கிலிக்கன் குருவாகிய சாட் வாரா, துயருற்றோர் தொலைபேசியில் பேசுவதற்கென ஒரு பணியைத் தொடங்கினார். அறிவுரை கூறுவதினும் செவிகொடுப்பதே அப்பணியின் உயிராயிற்று.

நமது மேய்ப்புப் பணிக்கு இவ்வரலாறு உணர்த்துவன இரண்டு. ஒன்று, கல்லறையருகே மனைவியையோ பெற்றோரையோ குற்றவாளியாக்கும் உரிமை நமக்கில்லை. அடக்கத்தை மறுக்கும் உரிமையும் இல்லை. மற்றொன்று, இழைகள் பலவாதலின் தளர்த்தும் கைகளும் பலவாகலாம். மருத்துவரிடம் உடன்செல்வதும், கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்பதும், வீட்டிலுள்ள நஞ்சை அகற்றச் செய்வதும், சாக எண்ணுகிறீரா என அஞ்சாது கேட்டு, மறுமொழியைப் பொறுமையோடு கேட்பதும் ஆயரின் திருப்பணியே.