அடர் பழுப்பு வண்ணப்பூச்சு

அடர் பழுப்பு வண்ணப்பூச்சு என்பது வீட்டின் உட்சுவர், கதவு, சன்னல் ஆகியவற்றில் பூசப்படும், கருமை கலந்த மங்கலான பழுப்பு நிறப் பூச்சு ஆகும். பேச்சு வழக்கில் இது பிரவுன், சாக்லேட் கலர், காப்பிக்கொட்டை நிறம் எனப் பலவாறு வழங்கப்படுகிறது. இதன் நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகளே. கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் நடைபெறும் பீங்கான் தொழிலுக்கும் இவ்வாக்சைடுகள் புதியன அல்ல.

நிறத்தின் இயல்பு

வானவில்லில் பழுப்பு இல்லை. ஒளி குறைந்த செம்மஞ்சள் நிறமே, அதைவிட வெளிச்சமான பரப்பின் அருகில் இருக்கும்போது, கண்ணுக்குப் பழுப்பாகத் தோன்றுகிறது. ஆகவே இந்நிறம் செழிப்பாகத் தெரிவதும் அழுக்காகத் தெரிவதும் சூழலைப் பொறுத்ததாகும். ஆத்திரேலியாவில் 2012 திசம்பர் முதல் சிகரெட்டுப் பெட்டிகளுக்கு மங்கிய அடர் பழுப்பு நிறம் கட்டாயமாக்கப்பட்டது. வாங்குவோரைக் கவராத நிறம் என்பதற்காகவே அது தெரிவு செய்யப்பட்டது. எனினும் அதை ஒத்த நிறங்களே மரச்சாமான்களில் விரும்பப்படுகின்றன.

நிறமிகள்

அம்பர் என்னும் இயற்கை மண் நிறமியில் இரும்பு ஆக்சைடுடன் மாங்கனீசு ஆக்சைடும் கலந்துள்ளது. இதனைச் சுட்டால் நிறம் மேலும் சிவந்து அடர்கிறது. தற்காலப் பூச்சுகளில் செயற்கையான சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து பழுப்பு பெறப்படுகிறது. இவை வெயிலில் எளிதில் வெளுப்பதில்லை.

விருத்தாசலம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகள், விளக்குகள் முதலியவை செய்யப்படுகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்குள்ளது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக வெட்டப்படும் நிலத்திலிருந்து களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கான் தொழிலில் கிளேஸ் எனப்படும் கண்ணாடி போன்ற மேற்பூச்சில் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டால் பழுப்பு கிடைக்கும். மேற்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெண்மையுமான ஊறுகாய் ஜாடி யாவரும் அறிந்ததே. சுவர்ப்பூச்சில் நிறமியைப் பிடித்து வைப்பது பசை மட்டுமே. கிளேசிலோ நிறம் கண்ணாடியோடு உருகிக் கலந்துவிடுவதால் கழுவினாலும் தேய்வதில்லை. எனவே சமையலறை போன்ற ஈரமான இடங்களில் பழுப்பு வேண்டுவோர்க்குப் பூச்சைவிடக் கிளேஸ் ஓடு ஏற்றது.

வீட்டில் பயன்பாடு

தமிழக வீடுகளுக்கு அடர் பழுப்பு புதிதன்று. ஆனால் அது சுவரில் இருந்ததைவிட மரத்தில் இருந்ததே மிகுதி. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் வெண்மையான சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே நிற்கின்றன. முற்றத்தின் ஒளியும் அவற்றின்மீது விழுகிறது. நான்கு சுவர்களையும் பழுப்பாக்கினால் இவ்வேறுபாடு மறைந்து அறை இருண்டுவிடும். வெள்ளைச் சுவர் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்ப, அடர் பழுப்பு 10 விழுக்காட்டு அளவிலேயே அனுப்புகிறது. ஒரு சுவரை மட்டும் பழுப்பாக்கி, விட்டத்தையும் ஏனைய சுவர்களையும் வெளிர் நிறத்தில் விடுவது நன்று.

விளக்கும் முக்கியமானது. மஞ்சள் ஒளியில் இதமாகத் தெரியும் பழுப்பு, வெள்ளைக் குழல்விளக்கின் ஒளியில் சாம்பல் படர்ந்ததுபோல் தோன்றலாம். எனவே 2 அடிச் சதுரத்தில் பூசி, பகலிலும் இரவிலும் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஈரச்சுவரில் உப்புப் பூப்பது உண்டு. வெள்ளைச் சுவரில் கண்ணுக்குப் படாத இவ்வெண்திட்டுகள் பழுப்பில் பளிச்சென்று தெரியும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே பூசிப் பயனில்லை. புதிய சிமெண்டுப் பூச்சாயின் குறைந்தது 4 வாரங்கள் உலரவிட வேண்டும்.

ஈயம்

இரும்பு ஆக்சைடில் ஈயம் இல்லை. ஆயினும் பழைய எனாமல் பூச்சுகளில் மஞ்சள், செம்மஞ்சள் சாயலுக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, 2017 நவம்பர் முதல் வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகாதிருத்தல் வேண்டும். அதற்கு முன் பூசப்பட்ட கதவு, சன்னல்களை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் ஈயத்தூசி பறக்கக்கூடும். இது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நீர் நனைத்துத் தேய்த்து, துகள்களை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பணி முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அவ்வறைக்குள் விடலாகாது.