காத்திருக்காத டேட்டாபேஸ்: ஒரு குட்டி வரலாறு

ஹோட்டல்ல ஒரு சர்வர், தோசை ஆர்டரைச் சொல்லிட்டு அது வேகுற வரைக்கும் அடுப்படியிலேயே நிக்கிறார்னு வச்சுக்கங்க. மத்த டேபிள் கதி? டேட்டாபேஸ்கள் டிஸ்க்கிலிருந்து படிச்ச விதமும் ரொம்ப நாள் இதுதான். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிசெகண்ட் ஆகும். பிராசஸருக்கு அது ஒரு யுகம்.

கேட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறதுதான் ஏசிங்க்ரனஸ் ஐ.ஓ. 2003-ல் வந்த லினக்ஸ் 2.6-லேயே இது இருந்தது. ஆனா கெர்னலோட கேஷைத் தவிர்த்து நேரடியாகப் படிச்சாத்தான் ஒழுங்கா வேலை செய்யும். கேஷையே நம்பியிருந்த போஸ்ட்கிரஸுக்கு அது உதவலை.

2019-ல் யென்ஸ் ஆக்ஸ்போ உருவாக்கின ஐஓ யூரிங், லினக்ஸ் 5.1-ல் சேர்ந்தது. கோரிக்கைக்கு ஒரு வரிசை, முடிஞ்ச வேலைக்கு ஒரு வரிசை. ரெண்டையும் கெர்னலும் புரோகிராமும் பகிர்ந்துக்கும். வேகம் வந்தது, கூடவே ஆபத்தும். தன் கெர்னல் பரிசுத் திட்டத்துக்கு வந்த தாக்குதல்களில் 60% இதைத்தான் குறிவைத்தன என்று 2023-ல் சொன்ன கூகுள், தன் சர்வர்களில் இதை முடக்கியது.

2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரஸ் 18-ல் ஐஓ யூரிங் ஒரு தேர்வு மட்டும்தான். டீஃபால்ட்டா இருப்பது, படிக்கிறதுக்குன்னே தனியா 3 வொர்க்கர் பிராசஸ்கள். எழுதுறது இன்னும் பழைய முறைதான்.

அதனால அந்த 3-ஐ ஏத்துறதுக்கு முன்னாடி, உங்க குவெரி உண்மையிலேயே டிஸ்க்குக்காகத்தான் காத்திருக்கான்னு அளந்து பாருங்க. டேட்டா ஏற்கெனவே மெமரியில் இருந்தா, எத்தனை வொர்க்கர் போட்டாலும் பலன் இல்லை.