பொய்த்தது வானம் மட்டுமா?

தாது ஆண்டுப் பஞ்சம்! மதுரைச் சீமை இன்னும் மறவாத பெயர் அது. 1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு தென்மேற்கும் கைவிட்டது. வையை மணற்காடாயிற்று; கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. 1878 வரை நீடித்த அக்கொடுமையில் சென்னை மாகாணத்தில் மடிந்தோர் முப்பது இலட்சத்துக்கும் மேல் என்பர் வரலாற்றாசிரியர். வயிற்றைக் கையிற் பிடித்துக்கொண்டு இலங்கைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்தோர் எண்ணற்றோர்.

ஊழ்வினை என்றனர் சிலர். இயற்கையின் சீற்றம் என்றது வெள்ளை அரசு. சொல் இரண்டு, பொருள் ஒன்றே: எம்மீது குற்றமில்லை!

குற்றமில்லையா? மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1873-74-இல், பீகாரில் மழை தவறிற்று. அங்கே பொறுப்பேற்றிருந்த ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியைக் கொண்டுவந்து குவித்தார். சாவு மிக மிகக் குறைவு. அதற்குக் கிடைத்த பரிசு பாராட்டன்று. பணத்தைப் பாழாக்கினார் என்ற பழி! 1877-இல் அதே டெம்பிள் சென்னைக்கு அனுப்பப்பட்டார். இம்முறை சிக்கனமே அவருக்குச் சமயமாயிற்று. நிவாரண வேலையில் கல் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே சில சல்லிக் காசு. சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது உழைக்கும் உடலைத் தேய்த்துக் கொல்லும் அளவென்று எடுத்துக்காட்டினார். சில திங்கள் கழித்தே கூலி சற்று உயர்ந்தது. அதற்குள் போன உயிர்கள்? கப்பலேறிய தானியமோ நிற்கவில்லை. அவ்வாண்டின் முதல் நாளில்தான் தில்லியில் லிட்டன் பிரபு பேரரசி விக்டோரியாவுக்குப் பெருந்தர்பார் நடத்தினார்.

அரசு அளந்து போட்ட நாளில் அளவின்றி வார்த்தவர் ஒருவர் மதுரையில் இருந்தார். குஞ்சரத்தம்மாள், தாசி குலத்தவர். நகையையும் வீட்டையும் விற்று, வடக்காவணி மூல வீதியில் நாள்தோறும் கஞ்சி ஊற்றினார் என மதுரை மக்கள் வாய்வழியே சொல்லி வருகின்றனர். ஊர் இழிவென ஒதுக்கிய குலத்தின் கை அது! உயர்குலமென்று ஓங்கி நின்றோர் களஞ்சியங்களைப் பற்றி அக்கதை ஒன்றும் சொல்வதில்லை.

கஞ்சித்தொட்டி, பஞ்சம் வந்தபின் செய்வது. வராமற் காக்கும் வழியும் தெரியாததன்று. மேற்கே கடலுக்கு ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வையையில் விடலாமென்று, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை எண்ணினார். 1808-இல் ஆராய்ந்த கால்டுவெல் என்ற ஆங்கிலேயர், கைகூடாத கற்பனையென்று தள்ளினார். பிறகும் திட்டங்கள் வந்தன, தாள்களாய்த் தூங்கின. இலட்சக்கணக்கில் பிணம் விழுந்த பிறகு, 1882-இல் பென்னிகுயிக்கிடம் பணி வந்தது. 1887-இல் வேலை தொடங்கியது. 1895-இல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் வந்தது. மேலூர்ப் பக்கம் பசுமையாயிற்று. கற்பனை கைகூடிற்று! இடையில் கழிந்த எண்பத்தேழு ஆண்டுகளுக்கு எவர் கணக்குச் சொல்வார்? பஞ்ச ஆணையம் அறிக்கை தந்ததும் 1880-இல்தான். வறட்சியின் அறிகுறி கண்டதும் அரசு செய்ய வேண்டியவற்றை விதிகளாக்கியது அதற்குப் பின்னர்தான்.

ஆனால் பெரியாற்று நீர் எல்லா வயலுக்கும் எட்டுவதில்லை. திருமங்கலம் கரிசலுக்கு இன்றும் மழையும் கண்மாயுமே துணை. ஓர் ஊர்க் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு நீர். நடுவே ஒன்று தூர்ந்தாலும் கீழுள்ளவை காயும். 1959-இல் வையை அணையைத் திறந்த தமிழகம், 2016-17-இல் குடிமராமத்தை மீண்டும் கையிலெடுத்தது. நல்லதே. ஆயினும் நகருக்குள் நாம் செய்ததென்ன? 2004-இல் உயர்நீதிமன்றக் கிளை எழுந்தது உலகனேரிக் கண்மாயில்!

தாது ஆண்டுப் பாடம் நடத்திய அன்று, உலகனேரி எங்கே உள்ளது என்று மாணவரைக் கேட்டேன்.

“ஐகோர்ட்டு பஸ் நிறுத்தம் இருக்கிறதே, அங்கேதான் ஐயா” என்றான் ஒருவன்.

அது கண்மாய் இருந்த இடம் என்றேன்.

“அப்படியானால் அங்கே வந்த தண்ணீர் இப்போது எங்கே போகிறது?” என்று கேட்டான் சிறுவன்.