கட்டுமரம் சொல்லிக் கொடுத்த பாடம்: ஃபைபர் படகின் மேல்தளம்

உளுந்தூர்பேட்டையிலிருந்து வெளிவரும் மலரில் படகைப் பற்றிக் கட்டுரையா என்று நண்பர்கள் சிரிக்கலாம். நம்ம ஊரில் நெடுஞ்சாலை உண்டு, ரயில் நிலையம் உண்டு, கடல் மட்டும் இல்லை. ஆனால் திருநாவலூர்ப் பக்கம் ஓடும் நம் கெடிலம் ஆறு எங்கே போய்ச் சேருகிறது? கடலூரில், வங்கக் கடலில். 1993-இல் தென்னார்க்காடு பிரிக்கப்படும் வரை கடலூர்தான் நமக்கும் மாவட்டத் தலைநகர். அப்புறம் விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி. அரசாங்கக் காகிதத்தில் கோடு மாறியது. ஆறு திசை மாறவில்லை. ஆகவே தேவனாம்பட்டினக் கடற்கரையில் நடந்த ஒரு பெரிய தொழில்நுட்ப மாற்றம் நமக்கு அந்நியம் இல்லை.

அந்தக் கரையில் ஒரு காலத்தில் கட்டுமரங்கள்தான். இன்று கண்ணுக்கு எட்டிய வரை ஃபைபர் படகுகள். இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் படகின் வேகத்தையும் எஞ்சினையும் பேசுவார்கள். நான் பேச நினைப்பது யாரும் அதிகம் கவனிக்காத மேல்தளத்தைப் பற்றி. படகில் போகிறவன் வீடு திரும்புவதும் திரும்பாததும் பல நேரம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மூழ்காத மரம்

கட்டுமரம் நம் முன்னோர் செய்த எளிமையான கலம். லேசான மரங்களைச் செதுக்கிப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்த ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தன் பயணநூலில் இதைக் குறிப்பிட்டார். ‘கட்டமரான்’ என்று உலகம் முழுவதும் வழங்கும் சொல் நம் தமிழ்ச் சொல்தான். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார்.

பொறியாளன் கண்ணோடு பாருங்கள். கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. எனவே அதில் தண்ணீர் தேங்க இடமில்லை. பெரிய அலை மேலே விழுந்தால் தண்ணீர் இடுக்கு வழியாக ஒழுகிப் போய்விடும். கவிழ்ந்தாலும் மிதக்கும். துறைமுகமே இல்லாத, அலை உடைந்து விழும் மணல் கரைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்காது. குறை ஒன்றுதான்: ஆட்களும் வலையும் எப்போதும் நனைந்தபடி இருக்க வேண்டும். போகப் போக நல்ல மரம் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறியது.

டொலிடோவும் கண்ணாடியிழையும்

அமெரிக்காவின் டொலிடோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓவன்ஸ் இல்லினாய் கண்ணாடி நிறுவனத்தில், 1932-இல் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்கும் முயற்சியில் இருந்தார். உருகிய கண்ணாடி மீது காற்றுத் தாரை பட்டு மெல்லிய இழைகளாகப் பறந்தது. தற்செயலாக நடந்ததைத் தொழிலாக்கி, 1938-இல் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் உருவானது. பாலியெஸ்டர் ரெசினும் அந்தக் காலத்தில் வந்து சேர்ந்தது. அதே டொலிடோவில் ரே கிரீன் என்பவர் 1942-இல் இரண்டையும் சேர்த்துச் சிறு படகு ஒன்றைச் செய்தார். போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக் கொட்டகையிலேயே படகு செய்யவும், பழைய படகின் தளத்தை அறுத்து மாற்றவும் தொடங்கினார்கள். பெரிய இயந்திரம் வேண்டாம். பிரஷ், ரோலர், வாளி போதும். இந்தப் பொருளின் பலமும் ஆபத்தும் அதுதான்: யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

அப்பர் பெருமான் கல்லையே தெப்பமாகக் கொண்டு திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறினார் என்பது நம் பகுதியில் எல்லோரும் அறிந்த கதை. கண்ணாடியும் மணலிலிருந்து வருவதுதான். ஆனால் ஃபைபர் படகு மிதப்பது அதன் வடிவத்தால் மட்டுமே. உள்ளே தண்ணீர் நிறைந்தால் கல் கல்லாகவே போய்விடும்.

முட்டமும் சென்னையும்

நம் கரைக்கு ஏற்ற புதுக் கலம் தேடி 1980 வாக்கில் இரண்டு முயற்சிகள் நடந்தன. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்கக் கடல் திட்டம் தொடங்கியது. அதில் பணியாற்றிய நார்வே நாட்டுக் கப்பல் வடிவமைப்பாளர் ஓய்வின் குல்பிரான்சன் போன்றோர் அலையைத் தாண்டி மணலில் ஏறும் படகுகளை வடிவமைத்தார்கள். தளம் மூடியிருக்க வேண்டும், அடியில் மிதவை நுரை இருக்க வேண்டும் என்பது அந்த வடிவங்களின் அடிப்படை.

மற்றொன்று குமரி மாவட்டம் முட்டத்தில். பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே என்பவர் உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகுகளைக் கட்டினார். பலகைகளைக் கம்பியால் தைத்து, தையல் மேல் கண்ணாடியிழையும் ரெசினும் பூசும் முறை அது. நம் கரையின் பழைய மசூலாப் படகும் கயிற்றால் தைத்ததுதான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கும். அந்த அனுபவத்தை அவர் 1985-இல் புத்தகமாக எழுதினார். சிறு தொழில்நுட்பம் என்பது சுலபமான தொழில்நுட்பம் அல்ல என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது.

இரண்டு முயற்சியும் ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டன. கட்டுமரத்தை மாற்றலாம், ஆனால் தண்ணீர் தங்காத அதன் குணத்தைப் புதுப் படகுக்குள் கொண்டுவர வேண்டும். அதைக் கொண்டுவருவது மேல்தளம்.

சுனாமிக்குப் பின்

26 டிசம்பர் 2004. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலூர்க் கரையிலும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. உடைந்த கட்டுமரங்களுக்குப் பதிலாக அரசும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. நல்ல மனதோடு செய்த காரியம். ஆனால் அவசரம். புதுப் பட்டறைகள் முளைத்தன. தரமில்லாத படகுகளும் கரைக்கு வந்தன என்று பிறகு ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். சட்டத்தில் எத்தனை அடுக்கு மேட் போட்டார்கள், தளத்தின் கீழ் நுரை இருக்கிறதா என்பது பெயிண்ட் அடித்த பிறகு வெளியே தெரியாது அல்லவா?

படகு கைக்கு வந்த பிறகு வேலை மீனவர் கைக்கு மாறியது. அணியத்தில் தளத்தை உயர்த்துவது, வலை வைக்க இடம் அகலப்படுத்துவது, எஞ்சின் மேடையைப் பலப்படுத்துவது, மீன் அறைக்கு மூடி போடுவது எல்லாம் கரையிலேயே நடக்கும் வேலை. இதில் படித்தவர்களாகிய நாம் சொல்லக்கூடியது சில உண்டு, மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், பழைய ஃபைபர் மேல் புது ஃபைபர் தானாக ஒட்டாது. பெயிண்டையும் மெழுகையும் நீக்கி, உள் இழை தெரியும் வரை தேய்த்து, அசிட்டோனில் துடைத்துக் காயவிட வேண்டும். வெட்டிய ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தால் இணைப்பு பிரியாது. மூலைகளை வளைவாக நிரப்ப வேண்டும். கூர்மூலையில் மேட் படியாது, விரிசல் அங்கேதான் தொடங்கும்.

இரண்டாவது, தளம் மிதித்தால் அமுங்குகிறது என்றால் ரெசினை ஊற்றிக் கனமாக்குவது வீண். கனம் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்று வகுப்பில் படித்தோமே! இரண்டு மெல்லிய அடுக்குகளுக்கு நடுவில் நுரைப்பலகை வைத்தால் எடை கூடாமல் அந்தக் கனம் கிடைக்கும். ஆனால் தெர்மோகோல் மீது நேரடியாகப் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் கரைந்துவிடும். நடுவில் பிளைவுட் வைத்தால், போல்ட் துளைகளின் உள்விளிம்பை ரெசினால் மூட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளுக்குள் உளுத்துப் போகும்.

மூன்றாவது, தளம் சற்றே மேடாக இருந்து இரு பக்கமும் சரிய வேண்டும், தண்ணீர் வெளியேறத் தாராளமான துளைகள் வேண்டும். தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிப் படகையும் இழுத்துச் சாய்க்கும்.

வேலை செய்பவர் உடம்பும் முக்கியம். முகமூடி, கையுறை, கண்ணாடி அவசியம். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது.

ஒரு சின்னக் கணக்கு

ஃபைபர் எடை 500 கிலோ, எஞ்சினும் தண்டும் 120 கிலோ என்று ஒரு படகை வைத்துக்கொள்வோம். ஃபைபரின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஒன்றரை மடங்கு. மூழ்கிய நிலையில் அது சுமார் 167 கிலோவாகத்தான் கீழே இழுக்கும். இரும்பு சுமார் 105. பிடித்துத் தொங்கும் நாலு பேருக்கு 100 சேருங்கள். மொத்தம் 372. ஒரு கன மீட்டர் நுரை சுமார் ஒரு டன்னைத் தாங்கும் என்பதால் 400 லிட்டர் நுரை போதும். அதாவது இரண்டு 200 லிட்டர் டிரம் அளவு. அதை அணியத்திலும் பின்புறத்திலும், பக்கவாட்டில் உயரமாகவும் பிரித்து வைத்தால், தண்ணீர் நிறைந்த படகும் புரளாமல் நிற்கும்.

நாலு குடும்பத்தின் உயிருக்கு இரண்டு டிரம் இடம்! மீன் வைக்க இடம் போதவில்லை என்று அந்த நுரையைப் பெயர்த்து எடுப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை மீனவரிடம் அவர் மொழியில் எடுத்துச் சொல்லத் தெரிந்தவரே நல்ல பொறியாளர். அவர் ஒருவேளை சிரித்துக்கொண்டே, “தம்பி, இது எங்க தாத்தா கட்டுமரத்திலேயே இருந்ததுப்பா” என்பார். ஆமாம், இருந்தது. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நம் வேலை. இன்று வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகள் ஒரு விடுமுறை நாளில் பண்ருட்டி வழியாகக் கடலூருக்குப் பஸ் ஏறுங்கள். கரையில் கிடக்கும் படகின் தளத்தைக் கையால் தட்டிப் பாருங்கள். கற்றுக்கொள்ளவும் கற்றுக்கொடுக்கவும் அங்கே நிறைய இருக்கிறது.